ஆட்சேபணைக்கு நான்கு மாதம்

உப்பையும் கருவாட்டையும் மக்ரூனையும் தவிர வேறெதையும் பெரிதாக உலகத்துக்கு அனுப்பியதாகப் பெருமை பேசாத தூத்துக்குடியில், ஜெசிந்தா என்று ஒருத்தி இருந்தாள். அவளுக்கு இரண்டு வேலை. சம்பளத்துக்குப் பார்த்தது, வக்கீல் திரவியம் சார் ஆபீசில் உப்புக் கம்பெனிக்காரர்களுக்கும் முறுக்குக் கம்பெனிக்காரர்களுக்கும் டிரேட்மார்க் மனு எழுதுவது. ஆசைக்குப் பார்த்தது, திங்கட்கிழமைதோறும் அரசாங்கம் வெளியிடும் டிரேட்மார்க் இதழை, தலையணை கனத்துக்கு இருக்கும் அத்தனை பக்கங்களையும், முதலிலிருந்து கடைசிவரை புரட்டி, கடலுக்கு அந்தப்புறம் இருக்கிற அந்தப் பெரிய வீடியோ கேம் கம்பெனி யாருக்கும் சொல்லாமல் ஏதாவது புது மெஷினுக்கு மனுப் போட்டிருக்கிறதா என்று தேடுவது.

அந்தக் கம்பெனியின் பெயரை அவர்கள் யாரும் சொல்வதில்லை. 'பெரிய வீடு' என்றுதான் சொல்வார்கள். அவர்கள் என்றால், பீச் ரோட்டுக்குப் பின்னால் சுடலைமணி நடத்திய ராக்கெட் கேம் சென்டரில் கூடுகிறவர்கள்; துறைமுகத்தில் கணக்கு எழுதுகிறவர், கான்வென்ட் டீச்சர், வலைக்குக் கயிறு விற்கிறவர் என்று முப்பது முப்பத்தைந்து பேர், எல்லாரும் தலை நரைக்கத் தொடங்கியும் விளையாட்டை விடாதவர்கள். புதிதாக யார் வந்து கேம் கைப்பிடியைத் தொட்டாலும் சுடலைமணி பக்கத்தில் நின்று மந்திரம் ஓதுவதுபோல் ஒன்றைச் சொல்லுவார். "மொதல்ல வலது. பொறவு இடது. குதி. குனி. நாலும் சரியாருக்கான்னு பாத்துட்டு, பொறவு ஆடு." அப்படிச் செய்யாமல் ஆட்டத்தைத் தொடங்குகிறவரை அந்தக் கடையில் மதிக்க மாட்டார்கள்.

ஜெசிந்தாவுக்கு அங்கே ஒரு பட்டப்பேர் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மனுவைப் பார்த்துவிட்டு, பெரிய வீடு சட்டைப்பையில் அடங்கும் புது மெஷின் கொண்டுவரப் போகிறது என்று அவள் ஆணித்தரமாகச் சொல்ல, ஊரிலிருந்து உலகம்வரை ரசிகர்கள் அதை நம்பிக் கொண்டாட, கடைசியில் அது பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும் டிபன்பாக்ஸாகப் போயிற்று. அன்றிலிருந்து அவள் டிபன்பாக்ஸ் அக்கா. சிரித்துக்கொண்டுதான் கேட்டுக்கொள்வாள். ஆனால் உள்ளே அது முள்ளாகக் குத்தும். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தான் சொன்னது பலிக்க வேண்டும் என்று அவள் பனிமய மாதாவிடம் வேண்டிக்கொண்டதும் உண்டு.

ஆனி மாதத்து ஒரு திங்கட்கிழமை அது கிடைத்தது. பெரிய வீட்டின் மனு. மெஷினுக்குப் பெயர் இல்லை, வெறும் சின்னம். முழுதாக மூடாத ஒரு வளையம், மூடாத இடத்தில் ஒரு புள்ளி. பொருள் விவரத்தில் 'விளையாட்டுக்கான உபகரணம். தானே மூச்சு விடும் அதன் பாகங்கள்' என்று போட்டிருந்தது. சாயங்காலம் ராக்கெட்டில் அதைப் படித்துக் காட்டியதும் கடை இரண்டுபட்டது. மூச்சு என்றால் சூடு தணிக்கும் காற்றாடி, இந்தத் தடவை சத்தமே போடாது என்றார் துறைமுகக் கணக்கர். கான்வென்ட் டீச்சர் இன்னொரு கட்டத்தைக் கவனித்தாள். வெளிவராத சாமானுக்கு மனுவில் 'இனிமேல்தான் பயன்படுத்தப்படும்' என்று இருக்க வேண்டும். இதிலோ, எந்தத் தேதியிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது என்ற கேள்விக்கு நேராக ஒரு தேதி இருந்தது. 2015, பிப்ரவரி 11.

"ஒம்போது வருசமாவா ஒளிச்சு வச்சிருக்கான்?" என்றார் சுடலைமணி.

"டைப் அடிச்சவன் தப்பாருக்கும்" என்றார் கணக்கர்.

ஜெசிந்தா அந்தத் தேதியில் விரலை வைத்தாள். "அண்ணாச்சி, அது எம் பிள்ள பொறந்த நாளு. லூர்து மாதா திருநாளன்னைக்கிப் பொறந்தா."

கடையே கை தட்டியது. இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா? சுடலைமணி அப்போதே ஆள் அனுப்பி மெர்லினுக்கு மக்ரூன் வாங்கிக் கொடுத்தார். ஆக்னஸ் மெர்லின், நாலாம் வகுப்பு, பிறந்ததிலிருந்து இழுப்பு நோய்க்காரி. கப்பலில் வேலை பார்க்கும் அப்பாவை வருஷத்துக்கு ஒரு தடவையும் மருந்துக்கடை சேர்மதுரையை வாரத்துக்கு ஒரு தடவையும் பார்க்கிற பிள்ளை. அவள் நெஞ்சிலிருந்து வரும் அந்தக் கீச்சென்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒன்பது வருஷம் பாதித் தூக்கம் தூங்கியவள் ஜெசிந்தா.

மறுநாள் காலையில் பிள்ளைக்குச் சடை பின்னுவதற்காக முடியை ஒதுக்கியபோது, பிடரியில் அந்த வளையம் இருந்தது. கண்மையால் வரைந்ததுபோல் கறுப்பாக, மூடாத இடத்தில் புள்ளியோடு. ஜெசிந்தா தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தாள், சோப்புப் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. பெற்றவள் அந்த இடத்தில் பயந்திருக்க வேண்டும். அவள் போட்டோ எடுத்தாள். எடுத்து, ராக்கெட்டின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பி, கீழே 'உறுதி' என்று ஒரே ஒரு வார்த்தையும் போட்டாள். இதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான்.

அந்த வாரம் முடிவதற்குள் மெர்லினின் வகுப்பிலிருந்த அத்தனை பிள்ளைகளின் பிடரியிலும் வளையம் வந்தது. அடுத்த வாரம் வாத்தியார்களுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் வந்தது. உப்பளத்தில் குனிந்து வாருகிறவர்களுக்கு வெயிலில் அது பளபளத்தது. ஊர் முதலில் கொஞ்சம் மிரண்டது, பிறகு தன் வேலையைப் பார்த்தது. தோல் டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார், எழுதும்போதே தன் பிடரியைச் சொறிந்துகொண்டார். மாதா கோயிலில் பங்குச் சாமியார் அதைப் பற்றி ஒரு ஞாயிறு எச்சரித்துப் பேசினார், அடுத்த ஞாயிறு அவருக்கும் வந்துவிட்டதால் ஒன்றும் பேசவில்லை. பெண் பார்க்கப் போனவர்கள் சடையை ஒதுக்கிக் காட்டச் சொன்னார்கள். தையல்காரர்கள் ரவிக்கைக்குப் பின்கழுத்தை இறக்கி வெட்டினார்கள். வளையம் வராதவர்கள் வெளியே சொல்லாமல் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்துகொண்டார்கள். ஜெசிந்தாவும் அவர்களில் ஒருத்தி. அவளுக்கு மட்டும் கடைசிவரை வரவே இல்லை. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

ஊர் இவ்வளவு சீக்கிரம் சமாதானமானதற்குக் காரணம் இருந்தது. வளையம் வந்தவர்களுக்கு நோய் போயிற்று. சர்க்கரைக்காரர்கள் மக்ரூன் தின்றார்கள், முழங்கால் வலிக்காரர்கள் மாடி ஏறினார்கள், கண்ணில் புரை விழுந்த கிழவர் கப்பலின் பெயரைக் கரையில் நின்றே வாசித்தார். மெர்லினின் நெஞ்சு ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து சத்தமே போடவில்லை. ஜெசிந்தா அவள் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். வழுவழுவென்று, புது மெஷினின் காற்றாடிபோல், மூச்சு போய்வந்துகொண்டிருந்தது. அவள் முழந்தாளிட்டு அழுதாள். அந்தப் பழைய மருந்துக் குழலைக் குப்பையில் போட்டுவிட்டு, யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் இரண்டு மெழுகுவர்த்தி கொளுத்தினாள்.

பிறகு, ஆள் அப்படியே உறைந்து நிற்கும் நிப்பு வந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை உயரத் தூக்கியபடி அப்படியே நின்றார், டீயும் இரண்டு டம்ளருக்கும் நடுவே கயிறாகத் தொங்கி நின்றது, ஏழெட்டு நொடி கழித்து ஒன்றும் நடக்காததுபோல் ஆற்றி முடித்து, "சீனி தூக்கலாவா அண்ணாச்சி?" என்றார். அன்று ராக்கெட்டில் பட்டாசு வெடித்தார்கள். ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்கும் வசதி உண்டு, சின்னத்தில் அந்த இடைவெளி அதற்குத்தான் என்று ஜெசிந்தா முதல் வாரமே குழுவில் எழுதியிருந்தாள். அவள் ஊகித்தது ஒவ்வொன்றாகப் பலித்தது. டிபன்பாக்ஸ் என்ற பேர் மறைந்து, ஊரே அவளை 'பதிவு அக்கா' என்று கூப்பிட்டது. கடைத்தெருவில் போனால் எழுந்து நின்றார்கள்.

நிப்புக்கும் ஊர் ஒரு முறை வகுத்துக்கொண்டது. நிற்கிறவரைத் தொடக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. வெயிலில் நின்றால் பக்கத்துக் கடைக்காரர் குடை பிடிக்க வேண்டும். அடுப்படியில் நின்றால் அடுப்பை அணைக்க வேண்டும். பஸ் டிரைவர் நின்றால் பஸ்ஸும் நின்றுவிடுவதால் பயணிகள் இறங்கி சிணுங்கலும் முனகலும் இல்லாமல் நடந்து போனார்கள். பிணத்தைத் தூக்கிப் போனவர்கள் பாதி வழியில் நின்றபோது, எதிரே வந்த கல்யாண ஊர்வலம் ஓரமாக ஒதுங்கி, அவர்கள் நகரும்வரை மேளத்தை நிறுத்திக் காத்திருந்தது. இதில் என்ன அதிசயம் என்பதுபோல் எல்லாரும் நடந்துகொண்டார்கள்.

ராக்கெட்டின் சுவரில் சுடலைமணி சாக்பீசால் நூற்றிருபது என்று எழுதி, தினம் ஒன்றைக் குறைத்துக்கொண்டு வந்தார். இதழில் வந்த நாளிலிருந்து நான்கு மாதம். அது முடிந்ததும் சின்னம் பதிவாகும், பதிவானதும் மெஷின் வரும். நாள் குறையக் குறைய ஊர் தோரணம் கட்டியது. உப்பளக்காரர்கள் மழை தொடங்குமுன் உப்பை மூடும் அவசரத்தை மறந்தார்கள். ஜெசிந்தா பதினாறு வருஷமாக அந்தத் தொழிலில் இருப்பவள். அந்த நான்கு மாதம் எதற்கென்று அவளுக்குத் தெரியும். அது வருகைக்குக் காத்திருக்கும் காலம் இல்லை. வேண்டாம் என்று சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு, கதவைத் திறந்து வைத்திருக்கும் காலம். தெரிந்தும் அவள் அதைச் சுவரிடம் சொல்லவில்லை, சுடலைமணியிடமும் சொல்லவில்லை. பதிவு அக்கா என்று கூப்பிடுவது அவ்வளவு நன்றாக இருந்தது.

சுவரில் இருபது என்று இருந்தபோது மெர்லின் வாசலில் ஒரு காலைத் தூக்கியபடி அரைமணி நேரம் நின்றாள். பதினொன்று என்று இருந்தபோது ஒரு பகல் முழுக்க நின்றாள். ஜெசிந்தா ஊர் முறையை மீறி அவள் மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்தாள். உடம்பு கதகதப்பாக இருந்தது, மூச்சு இல்லை. திரும்ப நகர்ந்ததும் பிள்ளை, "யம்மா, யாரோ என்னயத் தூக்கிப் பாத்துட்டுக் கீழ வச்ச மாதிரி இருந்துச்சு" என்றாள், மக்ரூனைக் கடித்துக்கொண்டே, வருத்தமே இல்லாமல்.

மறுநாள் அவள் திரவியம் சார் முன்னால் போய் நின்றாள். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார், அவர் பிடரியிலும் வளையம் இருந்தது.

"சார், அந்த மனுவுக்கு ஆட்சேபணை போடணும்."

"போட்டா அம்புட்டுக்கும் போடும்மா" என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமல். "நம்ம உப்புக் கேஸ் ஞாபகம் இருக்கா? தூள் உப்புக்கு மட்டும் ஆட்சேபிச்சான் ஒருத்தன். கல்லுப்பு அம்புட்டும் எதிராளிக்குப் போச்சு. ஒரு பகுதிக்கு மட்டும் வேண்டாம்னா, மிச்சத்துக்குச் சம்மதம்னு எழுதிக் குடுத்த மாதிரி. அத மறந்துராத. அப்புறம் இந்த ஊரு ஒன்னய..."

அதோடு நின்றார். சுண்ணாம்பு விரல் வெற்றிலைமேல் இருந்தபடி இருக்க, அவர் அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் நகரவே இல்லை. ஆபீசைக் கூட்டுகிற அம்மாள் தினமும் அவரைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போனாள்.

ஜெசிந்தா உடனே போட்டிருக்கலாம். போடவில்லை. ஆட்சேபித்தால் வளையம் போகும், வளையம் போனால் இழுப்பு வரும். இழுக்கிற பிள்ளை வேண்டுமா, நிற்கிற பிள்ளை வேண்டுமா என்று எந்தத் தாயிடமும் கேட்கக் கூடாத கேள்வியை அவள் தன்னிடமே பத்து நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். சந்தையில், கோயிலில், ராக்கெட்டில், யாரிடமாவது சொல்ல வாயெடுத்தால் அவர்கள் முகத்தில் இருந்த சந்தோஷம் அவள் வாயை அடைத்தது. முழங்கால் வலி போனவரிடம் போய், உமக்கு வலி திரும்ப வரட்டும் என்று எப்படிச் சொல்வது?

கடைசி நாளுக்கு முந்திய சாயங்காலம், மெர்லின் குழாயடியில் டம்ளரை நீட்டியபடி நின்றவள் காலையிலும் அப்படியே நின்றாள். தண்ணீர் மட்டும் டம்ளர் நிறைந்து வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா குழாயை மூடினாள், பிள்ளையை ஒரு நாற்காலிபோல் அலுங்காமல் தூக்கினாள், கொண்டுபோய் ஆபீசில் தன் மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். தெருவில் அவள் அப்படித் தூக்கிப் போவதைப் பார்த்த சுடலைமணி கடை வாசலிலிருந்து பதறினார்.

"யக்கா! தொடக் கூடாதுல்லா! இன்னைக்கி ஆறு மணிக்கு நாலு மாசமும் முடிஞ்சிரும், இன்னைக்கிப் போய் இப்பிடிச் செய்யுதியளே!"

"அண்ணாச்சி, முடிஞ்ச பொறவு யாரு ஆடப்போறா?"

"நாமதாம் ஆடுவோம். வேற யாரு?" என்று சிரித்தார். சுவரில் சைபர் என்று எழுதிவிட்டு வந்திருந்தார், விரலெல்லாம் சாக்பீஸ். அவரிடம் அவளுக்கு அவ்வளவு பிரியமாக இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஆட்சேபணைப் படிவத்தில் பெயர், விலாசம், காரணம் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, அவள் ஒரு கேள்வியில் வந்து, சாயங்காலம்வரை அதிலேயே நின்றாள். ஆட்சேபணை மனு முழுமைக்கா, ஒரு பகுதிக்கா? பக்கத்தில் திரவியம் சார் சுண்ணாம்பு விரலோடு உட்கார்ந்திருந்தார். சொல்ல வேண்டியதை அவர் சொல்லி முடித்திருந்தார். வெளியே பீச் ரோட்டில் மேளம் கேட்டது. முழுமைக்கு என்று போட்டால் மெஷின் வராது. வாழ்நாளில் முதல் தடவையாக அவள் சொன்னது அத்தனையும் பலித்திருக்கும் மெஷின், உலகம் முழுக்க அவள் பெயரைச் சொல்லிக் காத்திருக்கும் மெஷின். அது எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை, அந்த நேரத்திலும், பிள்ளை கட்டையாகப் பக்கத்தில் நிற்கும்போதும், அவளுக்குள் செத்திருக்கவில்லை. ஊரார் ஏசுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம் உண்மைதான். ஆனால் அதைவிட இந்த ஆசைதான் பெரிது. அவள் 'ஒரு பகுதிக்கு' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். எந்தப் பகுதி என்ற இடத்தில் எழுதினாள்: ஆக்னஸ் மெர்லின், வயது ஒன்பது. இது உபகரணம் அல்ல. என் மகள்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தபோது மனு கம்ப்யூட்டரில் ஏறியது.

டம்ளர் தரையில் விழுந்தது. மெர்லின் வாயைப் பிளந்து மூச்சை இழுத்தாள், நெஞ்சுக்குள்ளிருந்து அந்தப் பழைய கீச்சுச் சத்தம், நான்கு மாதம் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்ததுபோல், ஊளையாக வந்தது. ஜெசிந்தா அவள் பிடரியைத் திருப்பிப் பார்த்தாள். வெறும் தோல், கொஞ்சம் வியர்க்குரு. அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், அந்தச் சத்தத்தை முத்தமிட்டாள். அப்புறம்தான் உதடு நீலம் பாரிப்பதைக் கண்டாள். குப்பையில் போட்ட மருந்துக் குழல் நினைவுக்கு வந்தது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினாள்.

பாதித் தூரம் போகும்போது கோயில் மணி ஆறு அடித்தது. அல்லது அடிக்கத் தொடங்கியது. நாலாவது அடியோடு நின்றது. மேளம் நின்றது. ரோட்டில் ஆட்டோக்கள் நின்றன, சாய்ந்த சைக்கிள் சாய்ந்தபடியே நின்றது, வீசிய வலை காற்றில் விரிந்தபடி நின்றது. ராக்கெட் வாசலில் கை தட்டப் போனவர்கள் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியோடு நின்றார்கள், சுடலைமணி முன்வரிசையில், வாயெல்லாம் சிரிப்பாக. ஊரில் கேட்ட சத்தம் ஒன்றே ஒன்றுதான், மெர்லினின் இழுப்பு.

மருந்துக்கடையில் சேர்மதுரை அலமாரிப் பக்கம் கையை நீட்டியபடி நின்றார். "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று அவள் கத்தினாள், பிறகு நிற்கிறவரிடம் கத்துகிறோமே என்று வெட்கப்பட்டாள், கல்லாப் பலகையைத் தாண்டி உள்ளே குதித்து, ஒவ்வொரு பெட்டியாக இழுத்துக் கொட்டித் தேடி, நீல மூடி போட்ட குழலைக் கண்டெடுத்துப் பிள்ளையின் வாயில் வைத்து அழுத்தினாள். ஒரு தடவை, இரண்டு தடவை. உதட்டில் மெல்ல ரத்தம் திரும்பியது. சத்தம் மட்டும் குறையவில்லை.

அப்போது சேர்மதுரை நகர்ந்தார்.

"அண்ணாச்சி!" என்றாள் ஜெசிந்தா, உயிர் வந்ததுபோல்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. வலது பக்கம் ஓரடி வைத்தார். இடது பக்கம் ஓரடி வைத்தார். பிறகு, அறுபது வயது மனுஷன், இருந்த இடத்திலேயே குதித்தார்.

ஜெசிந்தா மெதுவாகத் தெருப்பக்கம் திரும்பினாள். பீச் ரோடு முழுக்க, தோரணத்துக்குக் கீழே, மேளக்காரர்களும் மீன்காரிகளும் சாமியாரும் கான்வென்ட் டீச்சரும், வகுப்பு வகுப்பாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும், ஒரே காலடியில் வலது பக்கம் போனார்கள், ஒரே காலடியில் இடது பக்கம் வந்தார்கள். எல்லாரும் சேர்ந்து குதித்தபோது தரை ஒரு தடவை அதிர்ந்தது. அவள் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பவில்லை, மெஷின் வந்துவிட்டது. யாரோ எங்கேயோ அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, நாலும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் குனிந்தது.

"யம்மா" என்று மெர்லின் அவள் காதுக்குள் கிசுகிசுத்தாள், ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு இழுத்து. "குனிஞ்சாச்சு. பொறவு என்ன?"

ஊர் நிமிர்ந்தது. நிமிர்ந்த முகங்கள் ஒவ்வொன்றாக, எதையோ தேடுவதுபோல் அப்படியும் இப்படியும் திரும்பி, கடைசியில் சத்தம் வருகிற மருந்துக்கடைப் பக்கம் வந்து நின்றன. சுடலைமணியின் முகமும் அதில் இருந்தது, இன்னும் சிரித்தபடி. ஜெசிந்தா பிள்ளையை மார்போடு அழுத்திக்கொண்டு கல்லாப் பலகைக்குக் கீழே உட்கார்ந்தாள், முந்தானையால் அவளை மூடினாள், வாயைப் பொத்தினாள். அந்த மூச்சுச் சத்தத்தை மட்டும் அவளால் நிறுத்த முடியவில்லை.